கொடுமுடிப் பக்கத்து வாக்குச்சாவடிக்கு ஒரு நன்றி மடல்

பேரன்புக்குரிய ஊராருக்கு வணக்கம்.

சட்டமன்றத் தேர்தலுக்கு முந்தைய நாளான கடந்த ஏப்ரல் 5-ஆம் தேதி மாலை, கொடுமுடிக்கு அருகிலுள்ள உங்கள் ஊரின் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் பையும் பாயுமாக வந்திறங்கிய நால்வரில், கையில் கோப்புக் கட்டை இறுக்கிப் பிடித்திருந்தவள் நான். அந்தச் சாவடியின் தலைமை அலுவலர் என்று ஆணையில் எழுதியிருந்தாலும், உங்களில் பலருக்கு நான் வெறும் ‘டீச்சர்’தான். நேரில் வந்து சொல்ல வேண்டிய நன்றியை எழுத்தில் சொல்வதற்குப் பொறுத்தருள வேண்டும். மே 10 முதல் முழு ஊரடங்கு, பேருந்து ஓடவில்லை. உங்களில் பலருடைய பெயரும் எனக்குத் தெரியாது. ஆகையால், படிப்பவர் தம்மை அடையாளம் கண்டுகொள்வார் என்ற நம்பிக்கையில் இதைப் பொதுவில் வைக்கிறேன்.

எந்தச் சாவடிக்குப் போகிறோம் என்பது தேர்தல் பணியாளர்களுக்கு முன்னதாகத் தெரிவதில்லை. சொந்தத் தொகுதியில் பணி இராது. உடன் வருபவர்களையும் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்ப்போம். மொடக்குறிச்சித் தொகுதி என்று ஆணையில் பார்த்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது ஒன்றே ஒன்றுதான். அன்று மாலை பள்ளித் திண்ணையில் எங்களோடு பேசிக்கொண்டிருந்த, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயாவும் அதைத்தான் முதலில் எடுத்தார். 1996-இல் இத்தொகுதியில் 1,033 பேர் போட்டியிட்டார்கள். தங்கள் குறைகளை எவரும் செவிமடுக்கவில்லை என்று உழவர்கள் கூட்டமாகச் சென்று மனுத் தாக்கல் செய்ததன் விளைவு அது. வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அச்சிட வேண்டியிருந்தது. அவர்களில் 88 பேருக்கு ஒரு வாக்குகூட விழவில்லை. அதாவது, அவர்களே தமக்கு வாக்களித்துக்கொள்ளவில்லை என்று ஐயா சிரித்தார். அந்தத் தேர்தலுக்குப் பிறகுதான் வேட்பாளர்களின் வைப்புத்தொகையை நாடு முழுவதும் உயர்த்தினார்கள். ஐயா, உங்கள் பேச்சைக் கேட்டபடிதான் நான் அன்றிரவு, வாக்களிக்க வருவோரைப் பதியும் 17ஏ பதிவேட்டின் பக்கங்களுக்கு எண் போட்டு முடித்தேன். பயிற்சி வகுப்புகளில் இல்லாத தெம்பு அந்தத் திண்ணையில் கிடைத்தது.

சத்துணவுக் கூடத்து அக்காவுக்கு என் முதல் நன்றி. இரவு எட்டரை மணிக்கு நீங்கள் கொண்டுவந்த அரிசிப் பருப்புச் சோற்றின் வாசம், பக்கத்துக் களத்தில் காய்ந்துகொண்டிருந்த வேகவைத்த மஞ்சளின் வாசத்தோடு கலந்து வந்தது. நாங்கள் கொடுத்த பணத்தை நீங்கள் வாங்க மறுத்தீர்கள். யாரிடமும் இலவசமாக எதையும் பெறக் கூடாது என்பதற்காக நான் பிடிவாதமாகக் கையில் திணித்தது உங்கள் மனத்தைப் புண்படுத்தியதோ என்று இன்றும் எனக்குச் சிறு வருத்தம் உண்டு. காலையில் நாலு மணிக்கே எழுந்து, எனக்கும் உடன் வந்த தங்கைக்கும் உங்கள் வீட்டில் வெந்நீர் வைத்துக் கொடுத்தீர்களே, அதற்கு மட்டும் பணம் தர எனக்குத் தோன்றவில்லை. தந்திருந்தால் நீங்கள் விட்டிருக்கவும் மாட்டீர்கள்.

மாதிரி வாக்குப்பதிவு காலை ஐந்தரை மணிக்கு. அந்த இருட்டில், கட்சி முகவர்கள் குறித்த நேரத்துக்கு வந்து உட்கார்ந்திருந்தது எங்களுக்கு எவ்வளவு பெரிய உதவி என்பதை இப்பணி செய்தவர்கள் அறிவார்கள். குறைந்தது 50 வாக்குகளைப் பதிந்து, முடித்து, முடிவைப் பார்த்து, விவிபாட் கருவியில் அச்சாகி விழுந்த சீட்டுகளோடு ஒப்பிட்டு, பிறகு அத்தனையையும் அழித்துப் பூஜ்யத்தைக் காட்ட வேண்டும். அழிக்க மறந்துவிட்டு மாதிரி வாக்குகளோடேயே உண்மையான வாக்குப்பதிவைத் தொடங்கிவிடுவதுதான் எங்கள் எல்லாருக்கும் உள்ள பெரும் பயம். நான் பொத்தானை அழுத்தும்போது எதிரெதிர்க் கட்சிகளைச் சேர்ந்த இரு முகவர்களும் ஒரே குரலில் “க்ளியர் பண்ணிட்டீங்களா டீச்சர்?” என்று கேட்டது இன்னும் காதில் நிற்கிறது. அவ்விருவருக்கும் நான் தனியாகக் கடன்பட்டிருக்கிறேன். அதைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும்.

காலை 11 மணிக்கு நிலவரம் அனுப்ப, வாக்கு இயந்திரத்தின் கட்டுப்பாட்டுக் கருவியில் மொத்த எண்ணிக்கையைப் பார்த்தேன். பதிவேட்டில் உள்ளதைவிட ஒன்று குறைந்தது. மறுபடி அழுத்தினேன், அதே எண். கையெழுத்திட்டவர்களில் ஒருவர் வாக்களிக்கவில்லை. யார், எப்போது, எப்படி என்று ஒன்றும் புரியாமல் என் உள்ளங்கை வியர்த்தது. முகவர்கள் அந்த நேரத்தில் குரலை உயர்த்தியிருந்தால், வெளியே நின்ற வரிசை கலைந்து, பேச்சு ஊர் முழுவதும் பரவியிருக்கும். அப்படிச் செய்ய அவர்களுக்கு முழுக் காரணமும் இருந்தது. அவர்களோ தங்கள் கையிலிருந்த வாக்காளர் பட்டியலை மேசைமேல் விரித்து, தலையோடு தலை முட்ட, வந்தவர்களைப் பெயர் பெயராகச் சொல்லிப் பார்த்தார்கள். கடைசியில் ஒருவர் சொன்னார்: “நம்ம ஆத்தா உள்ள வந்ததப் பாத்தனுங்க டீச்சர், அந்தப் பக்கத்து வாசல்ல வெளிய போனதப் பாக்கவே இல்லீங்க.”

ஆத்தா எங்கும் போகவில்லை. வகுப்பறையை ஒட்டிய தாழ்வாரத்தில், பிள்ளைகள் உட்காரும் குட்டைப் பலகையில், வலக்கையில் நாங்கள் மாட்டிவிட்ட நெகிழிக் கையுறையோடும் இடக்கை ஆள்காட்டி விரலில் மையோடும் உட்கார்ந்திருந்தார். இரண்டாம் அலுவலர் கொடுத்த வாக்காளர் சீட்டை, இயந்திரத்தின் அருகில் இருக்கும் அலுவலரிடம் தர வேண்டும் என்பது தெரியாமல், நாலாக மடித்துச் சுருக்குப்பையில் போட்டு முடிந்து வைத்திருந்தார். “சீட்டப் பத்தரமா வெச்சிருக்கறனுங்க அம்மணி. மருமவ வரட்டும்னு உக்காந்திருக்கறன்” என்றார். மை வைத்து, ரேகை வாங்கி, ஒரு தாளையும் கொடுத்தால் வேலை முடிந்தது என்று அவர் நினைத்ததில் என்ன தவறு? தவறு எங்களுடையது. கூட்டத்தைச் சீக்கிரம் அனுப்ப வேண்டும் என்ற அவசரத்தில் அடுத்த மேசையைக் கை காட்டக்கூட மறந்திருந்தோம். அவரை அழைத்துச் சென்று வாக்களிக்க வைத்த பிறகு, பதிவேட்டின் குறிப்புப் பத்தியில் அவர் உண்மையில் எத்தனையாவதாக வாக்களித்தார் என்பதையும், இடையில் வந்தவர்களுக்கு வரிசை ஒவ்வொன்று மாறியதையும் எழுத வேண்டியிருந்தது. நான் எழுத எழுத, அந்த இரு முகவர்களும் எண்களை வாசித்துச் சரிபார்த்தார்கள். கருவியும் பதிவேடும் ஒன்றாயின. ஆத்தா, உங்கள் சுருக்குப்பையை நீங்கள் அவிழ்த்த அந்த அரை நிமிடத்தைப் போல நீண்ட நேரத்தை நான் என் பணிக்காலத்தில் கண்டதில்லை.

கிராம உதவியாளர் அண்ணனுக்கும் நன்றி. சாய்தளப் பலகை ஆடுகிறது என்று சொல்லி வாய் மூடுவதற்குள் செங்கல்லோடு வந்து நின்றவர் அவர். பெயர் விட்டுப்போனதாகக் கோபத்தோடு வந்தவர்களையெல்லாம் வாக்காளர் பட்டியலின் வேறொரு பாகத்தில் பெயர் இருப்பதைக் காட்டி அமைதியாக அனுப்பிவைத்த வாக்குச்சாவடி நிலை அலுவலரான அங்கன்வாடி ஆசிரியைக்கும், காவலர் தம்பிக்கும் என் வணக்கம்.

சுகாதாரப் பணியாளரான அந்த இளம்பெண்ணைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. கொரோனா காரணமாக இம்முறை வாக்குப்பதிவு ஒரு மணி நேரம் கூட்டப்பட்டு மாலை 7 மணி வரை நடந்தது. அந்தக் கடைசி ஒரு மணி நேரம் தொற்றுள்ளவர்களுக்காக ஒதுக்கப்பட்டிருந்தது. பகல் முழுவதும் வாசலில் நின்று வெப்பமானியைக் காட்டிக் காட்டிக் களைத்துப்போயிருந்த அவர், ஆறு மணிக்கு முழுப் பாதுகாப்பு உடையை அணிந்துகொண்டார். சித்திரை பிறக்கும் முன்பே கொளுத்திய அந்த வெயிலின் வெக்கை, மாலையிலும் சுவர்களில் இருந்தது. உங்கள் ஊரிலிருந்து தொற்றாளர் ஒருவரும் வரவில்லை. ஆனாலும் ஏழு மணி அடிக்கும் வரை அவர் அந்த உடையைக் கழற்றவில்லை, தண்ணீரும் குடிக்கவில்லை. இன்று அவர் எந்த மருத்துவமனை வாசலில் நிற்கிறாரோ, நலமாக இருக்க வேண்டும்.

ஏழு மணிக்கு வாக்குப்பதிவை முடிக்கும் ‘க்ளோஸ்’ பொத்தானை அழுத்தி, பதிவான வாக்குகளின் கணக்கான படிவம் 17சி-யை நிரப்பி, முகவர்களுக்கு ஆளுக்கொரு நகல் கொடுத்து, முத்திரை வைத்து, மண்டல அலுவலரின் வண்டி வரும்வரை இருந்தோம். பெட்டிகளை ஒப்படைத்த இடத்தில் நள்ளிரவு தாண்டியும் எங்களுக்கு உட்கார ஒரு நாற்காலி கிடைக்கவில்லை, வீடு திரும்பப் பேருந்தும் இல்லை என்பது வேறு கதை. அதை இந்த மடலில் சேர்க்க விருப்பமில்லை.

மே 2-ஆம் தேதி வீட்டில் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தேன். 234 தொகுதிகளில் தி.மு.க. மட்டுமே 133 இடங்களைப் பிடித்து ஆட்சிக்கு வருவது மாலைக்குள் தெளிவாகிவிட்டது. என் கண் மட்டும் மொடக்குறிச்சியைவிட்டு நகரவில்லை. பா.ஜ.க.வின் சி. சரஸ்வதி, தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசனை 281 வாக்கு வித்தியாசத்தில் வென்றார் என்று அறிவித்தார்கள். அந்த 1,033 பேர் நின்ற 1996-இல் இதே தொகுதியில் வென்றவர்தான் சுப்புலட்சுமி. யார் வென்றார், யார் தோற்றார் என்பது பற்றி எனக்கு இங்கே சொல்ல எதுவும் இல்லை. என் பணி அதுவன்று. ஆனால் அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு ஆத்தாவின் சுருக்குப்பைதான் கண்முன் வந்தது. இவ்வளவு குறைந்த வித்தியாசம் என்றால் ஒவ்வொரு சாவடியின் 17சி-யையும் முகவர்கள் விரல்வைத்துப் பார்த்திருப்பார்கள். எண்கள் பொருந்தாத சாவடியின் தலைமை அலுவலருக்கு விளக்கம் கேட்டு அழைப்பு வந்திருக்கும். அன்றிரவு முழுக்கக் கைபேசியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். அழைப்பு வரவில்லை, அடுத்தடுத்த நாட்களிலும் வரவில்லை. நம் சாவடியின் எண் சரியாக இருந்தது. அதைச் சரியாக வைத்தது நான் மட்டும் அல்ல என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

அந்த இரு முகவர்களில் ஒருவர் அன்று மகிழ்ந்திருப்பார், ஒருவர் வருந்தியிருப்பார். வெற்றி ஊர்வலங்களுக்குத் தடை இருந்ததால், உங்கள் ஊர்த் தெரு அமைதியாகவே இருந்திருக்கும் என்று எண்ணிக்கொள்கிறேன். இருவரும் ஒரே பட்டியலின்மேல் குனிந்திருந்த அந்தக் காட்சிக்காக, இருவருக்கும் ஒரே அளவு நன்றி.

கடைசியாக, சத்துணவுக் கூடத்து அக்காவுக்கு ஒரு தகவல். மறுநாள் காலைக்கென்று நீங்கள் மோர் ஊற்றிக் கொடுத்த எவர்சில்வர் போசி, எங்கள் காகிதக் கட்டுகளோடு தவறுதலாக என் பையிலேயே வந்துவிட்டது. மூடியின் உட்பக்கம் உங்கள் மகள் பெயர் பொறித்திருக்கிறது. கழுவித் துடைத்து என் சமையலறை மேல்தட்டில் வைத்திருக்கிறேன். பேருந்து ஓடத் தொடங்கியதும் முதல் ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சாவடியில் ஒரு நாள் பணியாற்றிய ஆசிரியை
மே 2021