நிற்கவைக்காதீர்கள், சார்

ஆசிரியருக்கு வணக்கம். எனக்கு மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ் வந்து ஆறு வருடமாகிறது. நரம்பின் மயலின் உறையை உடம்பின் எதிர்ப்பு சக்தியே தாக்குகிற நோய், வெளியே ஒன்றும் தெரியாது, ஆனால் சித்திரை வெயிலில் மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் பத்து நிமிடம் நின்றால் கால் துவண்டு கண் மங்கிவிடும். அதனால் சமையலைக் காலையிலேயே முடித்து, வெங்காயத்தைக்கூட உட்கார்ந்தே நறுக்கி, மதியம் கழுத்தில் ஈரத்துண்டோடு படுத்துவிடுகிறேன். சொந்தக்காரர்கள் சோம்பேறி என்பது தனிக்கதை.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இந்த நோயும் இருக்கிறது. ஆனாலும் பஸ்ஸில் மாற்றுத்திறனாளிகளுக்கான இருக்கையில் உட்கார்ந்தால், "நல்லாத்தானே இருக்கீங்க" என்று எழுப்புகிறார்கள். அப்புறம், மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கப் போன இடத்திலேயே மூன்று மணி நேரம் நின்றேன். டோக்கன் கொடுத்து, நாலு நாற்காலியும் ஒரு ஃபேனும் போடக்கூடாதா?

– ஒரு வாசகி, திருமங்கலம்