பாஸ்டன் புத்தகக் கடையில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள கயலுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். அப்பாவுக்கு முட்டுவலி கொஞ்சம் தேவலை, காலையில் வாய்க்கால் பாலம் வரை நடந்துவிட்டு வருகிறார். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதில் மாடியில் அந்தப் பழைய இடத்திலேயே மறுபடி ஒழுக்கு. கொத்தனார் நாளைக்கு, நாளைக்கு என்கிறார். சுமதி சித்தி வீட்டு விஷயம் கேள்விப்பட்டிருப்பாய், அதைப் போனில் பேசிக்கொள்ளலாம்.

தீபாவளிக்கு மறுநாள் பேசினாய் அல்லவா, அதிலிருந்து ஒரு விஷயம் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. பண்டிகை விற்பனைக்கு வாசல் மேசையில் எந்தெந்தப் புத்தகம் வைப்பது என்று இந்த வருடம் உன்னையே முடிவு செய்யச் சொல்லிவிட்டார்கள் என்றாய். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கிளை நூலகத்தில் என் நாற்காலிக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து படித்த பிள்ளை, பாஸ்டனில் ஒரு கடைக்குப் புத்தகம் தேர்ந்தெடுக்கிறாள்! அப்பா தெரு முழுக்கச் சொல்லியாயிற்று. அதே பேச்சில்தான், போகிற போக்கில், ஒரு நாவலை மட்டும் எடுத்துவிட்டேன் என்றும் சொன்னாய். நல்ல நாவல்தான், ஆனால் எழுதியவர் இஸ்ரேல்காரர், கூட வேலை பார்ப்பவர்கள் முகம் சுளிப்பார்கள், எதற்கு வம்பு என்று விட்டுவிட்டாயாம்.

எதற்கு வம்பு என்பது உன் வாயில் வருகிற பேச்சா, கயல்? ஏழாவது படிக்கும்போதே தலைமையாசிரியை அறைக்குள் போய் நியாயம் கேட்டவள் நீ.

யாரும் தடை போடவில்லையே என்பாய். உண்மைதான். கடை முதலாளியுடையது, சின்ன இடம், எல்லாப் புத்தகத்தையும் அடுக்க முடியாது, எதை வாங்குவது என்பது அவர்கள் உரிமை. அதெல்லாம் எனக்குத் தெரியும். நீதானே சொல்லிக்கொடுத்தாய்: அட்டை முழுக்கத் தெரிகிற மாதிரி வைத்தால் விற்கும், முதுகு மட்டும் தெரிய அடுக்கினால் அப்படியே கிடக்கும், விற்காததைப் பதிப்பகத்துக்கே திருப்பி அனுப்பிவிடலாம் என்று. ஆக, ஒரு எழுத்தாளரை ஒதுக்க யாரும் உத்தரவு போட வேண்டியதில்லை. ஆர்டர் போடும்போது ஒரு வரியை விட்டால் போதும். தேடி வருகிறவருக்கு ஸ்டாக் இல்லை என்ற பதில் கிடைக்கும். ஏன் இல்லை என்று அவருக்குத் தெரியவே போவதில்லை. தடை என்றால் கோர்ட்டுக்குப் போகலாம். இதை யாரிடம் போய்க் கேட்பது?

நம் நூலகத்துச் செய்தித்தாள் மேசை நினைவிருக்கிறதா? ஒரு கட்சிக்காரர் தினம் வருவார். வந்ததும் மற்றக் கட்சிப் பத்திரிகையை நாலாக மடித்து மேசைக்கு அடியில் செருகிவிடுவார். அவர் போனதும் நான் எடுத்து, மடிப்பை நீவிவிட்டு, மறுபடி மேலே வைப்பேன். அந்தக் கட்சிக்கு நான் ஓட்டுப் போட்டதே கிடையாது.

காசா உன்னைத் தூங்கவிடவில்லை என்று தெரியும். எங்களையும்தான். 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் தாக்கியதில் சுமார் 1,200 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகு காசாவில் செத்தவர்கள் 60,000-க்கும் மேல் என்று அங்குள்ள சுகாதாரத் துறை சொல்கிறது. வெள்ளைத் துணியில் சுற்றிய பிள்ளைகளைக் காட்டும்போது அப்பா எழுந்து வெளியே போய்விடுவார். நீ ஊர்வலம் போனதை நான் ஒருநாளும் தப்புச் சொல்ல மாட்டேன். போ. உன் பெயரில் பேசு. ஒரு அரசாங்கத்தின் மேல் இருக்கிற கோபத்தை, அந்த நாட்டில் பிறந்த ஒருவர் எழுதிய நாவலின் மேல் காட்டாதே என்றுதான் சொல்கிறேன்.

இஸ்ரேலைப் புறக்கணிக்கச் சொல்கிறவர்களே அப்படிச் சொல்லவில்லை. பாலஸ்தீனர்கள் 2004-இல் தொடங்கிய கல்வி, பண்பாட்டுப் புறக்கணிப்பின் விதிகளை எடுத்துப் பார். குறி நிறுவனங்கள்தான், பிறப்பையோ குடியுரிமையையோ வைத்துத் தனி ஆளை ஒதுக்குவது இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். 2024 அக்டோபரில் அயர்லாந்து எழுத்தாளர் சாலி ரூனி, நம் அருந்ததி ராய் எல்லாம் கையெழுத்துப் போட்ட கடிதமும் உடந்தையாக இருக்கும் இஸ்ரேலியப் பதிப்பகங்கள், விழாக்கள், இதழ்களோடு வேலை செய்ய மாட்டோம் என்றுதான் சொன்னது. அது சரியா என்று நீயும் நானும் தனியாகச் சண்டை போடலாம். ஆனால் அந்தக் கடிதத்தில் தெளிவாக இருந்த கோடு கடை அலமாரிக்கு வந்து சேருவதற்குள் அழிந்துவிடுகிறது. அதே வருடம் மே மாதம் இணையத்தில் ஒரு பட்டியல் சுற்றியதே, உங்கள் அபிமான எழுத்தாளர் சியோனிஸ்டா, அதாவது யூதர்களுக்கென்று இஸ்ரேல் நாடு வேண்டும் என்பவரா என்று கேட்டு, கிட்டத்தட்ட 200 பேருக்கு நிறம் போட்டு. அதை முதலில் காட்டியது நீதான். அப்போது உனக்கு எவ்வளவு கோபம் வந்தது! ஆகஸ்டில் நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு கடையில் அமெரிக்க யூத எழுத்தாளர் ஜோஷுவா லைஃபரின் வெளியீட்டுக் கூட்டத்தைக் கடைசி நேரத்தில் நிறுத்தினார்கள். லைஃபர் இஸ்ரேல் அரசை விடாமல் விமர்சிப்பவர். அவரோடு உரையாட வந்த யூத மதகுரு சியோனிஸ்ட் என்று கடை ஊழியர் ஒருவர் மறுத்துவிட்டார். அந்த ஊழியர் தன்னிச்சையாகச் செய்தது என்று கடைக்காரர்கள் பிறகு விளக்கம் சொன்னார்கள். அமெரிக்க யூதர்கள் இஸ்ரேல் விஷயத்தில் எப்படிப் பிளந்து கிடக்கிறார்கள் என்பதுதான் அந்தப் புத்தகமே. அதைப் பேச இரண்டு யூதர்கள் உட்கார அங்கே நாற்காலி இல்லாமல் போய்விட்டது.

மிரியம் எப்படி இருக்கிறாள்? முன்பெல்லாம் நீ பேசினால் நாலு தடவை அவள் பேர் வரும். வேலை அதிகமாக இருக்கும். இருக்கட்டும்.

யூதர் எல்லாரும் இஸ்ரேல்காரர் இல்லை என்பதை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஐசக் பாஷவிஸ் சிங்கர் போலந்தில் பிறந்து, நியூயார்க்கில் உட்கார்ந்து, கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய இத்திஷ் மொழியில் எழுதி, 1978-இல் நோபல் வாங்கினார். இஸ்ரேல்காரர் எல்லாரும் யூதரும் இல்லை. எமில் ஹபீபியை எந்த அலமாரியில் வைப்பாய், சொல். ஹைஃபாவில் வாழ்ந்த பாலஸ்தீனர். அரபியில் எழுதியவர், இஸ்ரேல் நாடாளுமன்றத்தில் கம்யூனிஸ்ட் உறுப்பினராக இருந்தவர். 1990-இல் பாலஸ்தீன விடுதலை இயக்கம் கொடுத்த பரிசையும் வாங்கினார், 1992-இல் இஸ்ரேல் பரிசையும் வாங்கினார். இரண்டு பக்கத்தாரும் திட்டினார்கள். சயத் கஷுவாவும் பாலஸ்தீனர்தான், எழுதியது ஹீப்ருவில். நூலகத்தில் புத்தகத்துக்கு எண் போடும் டூயி முறையில் ஹீப்ரு இலக்கியம் 892.4, அரபி இலக்கியம் 892.7. மூன்று புள்ளி தள்ளி, ஒரே தட்டில் வந்துவிடும். எண் பார்த்து அடுக்கினால் கஷுவா, ஹீப்ருவில் எழுதிய யூத நாவலாசிரியர் ஆமோஸ் ஓஸின் வரிசையில்தான் நிற்பார். எண் போடுகிறவளுக்கு இதில் ஒரு குழப்பமும் இல்லை.

இஸ்ரேல் நாவலாசிரியர் டேவிட் கிராஸ்மனை எடுத்துக்கொள். 2006 ஆகஸ்டில், லெபனான் போரை நிறுத்துங்கள் என்று ஓஸோடும், இன்னொரு எழுத்தாளர் யெஹோஷுவாவோடும் சேர்ந்து நிருபர்கள் முன்னால் பேசினார். இரண்டே நாளில் அவர் மகன் ஊரி அந்தப் போரில் டாங்கிக்குள் செத்துப்போனான். இருபது வயது. 2025 ஆகஸ்டில் ஒரு இத்தாலியப் பத்திரிகையிடம், காசாவில் நடப்பது இனப்படுகொலை என்று உடைந்த மனதோடு சொன்னார். இஸ்ரேல் என்று ஒரே கோடாக அடித்தால் அவரும்தான் அடிபட்டுப் போவார்.

அதற்காக அரசை எதிர்ப்பவர்கள் புத்தகத்தை மட்டும் வை என்று சொல்வதாக நினைத்துவிடாதே. அது இன்னும் மோசம். யூதப் பெண் ஒருத்தி காதல் கதை எழுதினால், காசாவைப் பற்றி உன் கருத்து என்ன என்று முதலில் வாக்குமூலம் கேட்டுவிட்டுத்தான் அலமாரியில் இடம் கொடுப்பாயா? மற்ற யாரிடமும் நீங்கள் அதைக் கேட்பதில்லை. ஒரு சாராரிடம் மட்டும் வாசலில் நிறுத்திக் கேட்கும் கேள்விக்கு நல்ல பேர் கிடையாது. புத்தகத்தைப் படி, பிடித்தால் வை, பிடிக்காவிட்டால் விடு. ஆளைப் பார்க்காதே.

மறுபக்கத்துக்கும் இதே நியாயம்தான். 2023 அக்டோபரில் ஃபிராங்க்ஃபர்ட் புத்தகக் கண்காட்சியில் பாலஸ்தீன எழுத்தாளர் அடானியா ஷிப்லிக்குப் பரிசு கொடுக்கும் விழாவை நிறுத்தி வைத்தபோது உன்னைவிட எனக்குத்தான் அதிகம் வயிறு எரிந்தது. ஜெருசலேமில் சலாஹுத்தீன் தெருவில் முனா என்ற பாலஸ்தீனக் குடும்பம் நடத்தும் எஜுகேஷனல் புக்‌ஷாப்பில் 2025 பிப்ரவரியில் இஸ்ரேல் போலீஸ் புகுந்தது. அட்டைப்படத்தையும் கொடியையும் பார்த்துப் புத்தகங்களைப் பைகளில் அள்ளினார்கள், குழந்தைகள் வண்ணம் தீட்டும் புத்தகம் ஒன்றைக் குற்றத்துக்குச் சாட்சியாகக் காட்டினார்கள். மஹ்மூத் முனாவும் அவர் சகோதரர் மகன் அஹ்மதும் இரண்டு இரவு காவலில் இருந்தார்கள். அந்தக் கடையில் இஸ்ரேல் எழுத்தாளர்கள் புத்தகமும் விற்கிறார்கள், கயல். கடைக்குள் போலீஸ் வரும் ஊரில் இருந்துகொண்டு அவர்கள் வைக்கிறார்கள்.

இந்த மாதிரிச் சண்டை நம் வீட்டுக்குள்ளேயே நடந்ததுதானே. 2011 ஜனவரியில் கொழும்பில் தமிழ் எழுத்தாளர் மாநாடு. முள்ளிவாய்க்கால் முடிந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை, போகக்கூடாது என்று இங்கே பலர் அறிக்கை விட்டார்கள். பெரிய மாமா அன்றைக்கு ஜேம்ஸ் சாரிடம் திண்ணையில் என்ன பேசினார் என்பதைத் திரும்ப எழுத மனம் வரவில்லை.  அவர் கோபத்தில் நியாயம் இல்லை என்று நான் சொன்னதில்லை. ஆனால் தமிழில் வந்த சிங்கள நாவல் ஒன்றை நான் நூலகத்துக்குக் கேட்டு எழுதியதற்குப் பொங்கல் வரை முகம் கொடுக்கவில்லை. நூலகத்துக்கு வந்த பிறகு அதை அதிகம் எடுத்துப் போனது யார் என்று நினைக்கிறாய்? அகதி முகாமில் இருந்து வந்து படித்த பிள்ளைகள். அவர்களுக்கு அந்தப் பக்கம் என்ன நினைக்கிறார்கள் என்று தெரிய வேண்டியிருந்தது.

நீ ஒரு காரியம் செய். உன் ஊரிலேயே கேம்பிரிட்ஜ் தெருவில் ஓல்டு வெஸ்ட் சர்ச் என்று செங்கல் கட்டிடம் இருக்கிறது, ஒரு லீவு நாளில் போய்ப் பார். 1960 வரைக்கும் அது பாஸ்டன் பொது நூலகத்தின் வெஸ்ட் எண்ட் கிளை. அங்கே ஃபானி கோல்ட்ஸ்டைன் என்று ஒரு நூலகர் இருந்தார். அன்றைய ரஷ்யப் பேரரசில் பிறந்து, சின்ன வயதில் குடும்பத்தோடு பாஸ்டன் வந்தவர். 1925-இல் அந்த அம்மா யூதர் எழுதிய, யூதரைப் பற்றிய புத்தகங்களை நூலகத்தில் தனியாக எடுத்துக் காட்சிக்கு அடுக்கினார். தேவாலயமாக இருந்த கட்டிடத்தில், குடியேறி வந்த ஏழைகள் நிறைந்த பேட்டையில். அது வருடா வருடம் யூதப் புத்தக வாரமாகி, மற்ற ஊர்களுக்குப் பரவி, 1943-இல் ஒரு மாதமாக நீண்டது. இன்றைக்கு நியூயார்க்கில் இருக்கும் ஜூயிஷ் புக் கவுன்சில் என்ற யூதப் புத்தக அமைப்பின் வேர் அதுதான். எழுத்தாளர்கள் மீது காட்டப்படும் யூத வெறுப்பைப் பதிவு செய்ய 2024-இல் ஏற்பாடு செய்தவர்களும் அவர்களே. அந்த அம்மா தன் சனத்தோடு நிறுத்தவில்லை, கறுப்பர் வரலாற்று வாரத்துக்கும் அதே கிளையில் புத்தகம் அடுக்கினார். நூலகத் துறை மேதையான நம் சீர்காழி ரங்கநாதன், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்று விதி எழுதியது 1931-இல். அதற்கு ஆறு வருடம் முன்னாலேயே அந்த அம்மா செய்து காட்டிவிட்டார். 2025-ஓடு அதற்கு நூறு வருடம். உன் கடையிலும் டிசம்பரில் யூதர்களின் விளக்குப் பண்டிகையான ஹனுக்காவுக்கு மேசை போடுவார்கள் என்றாயே, அதில் வெறும் மெழுகுவர்த்திப் படப் புத்தகமும் சமையல் புத்தகமும் மட்டும் இருந்தால் பார்க்க நன்றாகவா இருக்கும்?

கூட்டறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டாம் என்று நான் சொன்னதற்கு நீ கோபித்துக்கொண்டாய். என்னைப் பயந்தாங்கொள்ளி என்றாலும் பரவாயில்லை. 2025 மார்ச் மாதம், உன் ஊருக்குப் பக்கத்திலேயே, சோமர்வில் தெருவில் அந்தத் துருக்கி மாணவியை முகமூடி போட்ட ஆட்கள் பிடித்துக்கொண்டு போன வீடியோவைப் பார்த்ததில் இருந்து, நீ போன் எடுக்காவிட்டால் எனக்கு வேலை ஓடுவதில்லை. நாலு பேர் சேர்ந்து கல்லூரிப் பத்திரிகையில் எழுதிய ஒரு கட்டுரைக்காக ஆறு வாரத்துக்கு மேல் அடைத்து வைத்தார்கள். எழுதியதற்காக ஒருத்தியைப் பிடித்துப் போகிறவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், கயல். விசா புதுப்பிக்கிற வரைக்கும் கொஞ்சம் நிதானமாக இரு. மாப்பிள்ளையிடமும் சொல்லியிருக்கிறேன். ஆனால் புத்தகம் வைப்பதில் நிதானம் வேண்டாம். அந்த நாவலை மறுபடி ஒரு தடவை படி. நல்லது என்று நீயே சொன்னாய். பிறகு மேசையில் வை, முகம் சுளிக்கிறவர்களிடம் ஏன் வைத்தேன் என்று உட்கார்ந்து பேசு. பேசத் தெரியாதவளா நீ?

முறுக்கும் அதிரசமும் செய்து வைத்திருக்கிறேன், திங்கட்கிழமை பார்சல் போடுகிறேன். மிரியத்துக்குத் தனிப் பொட்டலம், மேலே அவள் பேர் எழுதியிருக்கும். அக்கா கல்யாணத்துக்கு வந்தபோது என்ன எண்ணெய், என்ன மாவு என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டுத்தான் சாப்பிட்டாள், அதனால் எல்லாவற்றையும் ஒரு சீட்டில் எழுதி உள்ளே வைக்கிறேன். தபாலில் அனுப்பாதே, நேரில் போய்க் கொடு. அவள் வீட்டில் இல்லை என்றால் வருகிற வரை இரு.

அன்புடன்,
அம்மா