சித்திரை வெயிலில் ஸ்வெட்டர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார மகளிர் இணைப்பில் 'ஒரே மாதத்தில் ஐந்து கிலோ குறைக்கலாம்' என்று முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். பார்த்ததும் மனம் பதறிவிட்டது. மூன்று வருடத்துக்கு முன்பு இதே மாதிரி ஒரு பக்கத்தை வெட்டி அலமாரிக் கதவில் ஒட்டி வைத்தவள் என் மகள்.

அப்போது அவள் பதினொன்றாம் வகுப்பு. முதலில் இனிப்பை விட்டாள், அப்புறம் எண்ணெய்ப் பண்டம், அப்புறம் சோறு. கல்யாண வீடுகளில் "ஒல்லியாகி அழகாயிட்டியே" என்றார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை விரதம் என்றாள். சனிக்கிழமையும் சேர்ந்தது, பிறகு சஷ்டி, ஏகாதசி எதுவும் பாக்கியில்லை. பக்தி என்று நினைத்தோம். எங்களைப் போன்ற வீடுகளில், அனோரெக்சியா என்கிற, சாப்பாட்டையே ஒதுக்கவைக்கும் இந்த மனநோய் ஒளிந்துகொள்ள விரதத்தைவிட வசதியான இடம் கிடையாது.

சாப்பிட உட்கார்ந்தால் ஒரு தோசையை நகத்தளவு துண்டுகளாகப் பிய்த்து, தட்டில் இங்கும் அங்கும் தள்ளிக்கொண்டே அரை மணி நேரம் இருப்பாள். தம்பிக்குத் தானே கேசரி கிண்டிக் கொடுப்பாள், ஒரு வாய் தொடமாட்டாள். திருச்சியின் சித்திரை வெயிலில் ஃபேனை நிறுத்திவிட்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு படித்தாள். சீப்பு நிறைய முடி வந்தது. ஆனால் கையிலும் முதுகிலும் பூனைமுடி வளர்ந்திருந்தது. நாலு மாதமாக நாப்கின் பாக்கெட் பிரிக்காமல் அப்படியே இருந்ததைப் பார்த்த அன்றுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

முதலில் போன இடத்தில் தைராய்டு, ரத்தம் எல்லாம் பார்த்துவிட்டு 'நார்மல்' என்று டானிக் எழுதிக் கொடுத்தார்கள். அதில் இரண்டு மாதம் போய்விட்டது. ரத்தப் பரிசோதனை சரியாக இருந்தாலும் இந்த நோய் முற்றியிருக்கலாம் என்பது பிறகுதான் தெரிந்தது. பள்ளியில் காலைப் பிரார்த்தனையில் மயங்கி விழுந்தாள். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 42. இருக்கிற கொஞ்ச சக்தியை மிச்சம் பிடிக்க உடம்பு இதயத்தை மெதுவாக ஓட்டுகிறது என்றார் மருத்துவர். கொழுப்பு தீர்ந்தால் தசை கரையும், இதயமும் தசைதானே. எலும்பு பலப்பட வேண்டிய வயதில் தேயத் தொடங்கும். பொட்டாசியம் குறைந்தால் துடிப்பு தாறுமாறாகி இதயம் நின்றே போகலாம். அமெரிக்கப் பாடகி கேரன் கார்ப்பென்டர் 1983இல், 32 வயதில், இந்த நோயால் இதயம் பழுதாகித்தான் இறந்தார். அதுவும் சிகிச்சையில் எடை ஓரளவு ஏறிய பிறகு.

அனோரெக்சியா நெர்வோசா என்று 1873இல் லண்டன் மருத்துவர் வில்லியம் கல் வைத்த பெயர். தமிழில் 'பசியின்மை' என்று எழுதும்போது தப்பான எண்ணம் வந்துவிடுகிறது. என் மகளுக்குப் பசித்தது. ராத்திரி அவள் வயிறு இரைவது பக்கத்தில் படுத்திருந்த எனக்கே கேட்கும். 'குண்டாகிவிடுவேன்' என்று ஒருநாளும் சொன்னதில்லை. "வயிறு நிரம்பிடுச்சும்மா" என்பாள். திமிர், பிடிவாதம் என்று அவளைத் திட்டியதை நினைத்தால் இன்றும் தூக்கம் வருவதில்லை.

இன்னொன்று. நோய் என்று தெரிந்ததும் நெய்யும் சோறுமாக ஊட்டப் போனேன். மருத்துவர் தடுத்தார். பட்டினி கிடந்த உடம்பில் திடீரென்று நிறைய சாப்பாடு போனால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து உயிருக்கே ஆபத்தாகுமாம். ஆஸ்பத்திரியில் வைத்து, தினமும் ரத்தம் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்டினார்கள். அப்புறம் மனநல மருத்துவரிடம் ஒன்றரை வருடம். இப்போது கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறாள், எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாள். வெள்ளிக்கிழமை வந்தால் மட்டும் நான் அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

எடைக் குறைப்புப் பக்கம் போட வேண்டாம் என்று சொல்லவில்லை. வளரும் பிள்ளைகளுக்கு இது பொருந்தாது என்று மேலேயே பெரிய எழுத்தில் போடுங்கள். கீழே ஒரு பெட்டி கட்டி இந்த அறிகுறிகளைக் கொடுங்கள், பையன்களுக்கும் இது வரும் என்பதோடு சேர்த்து. தமிழிலேயே பேசலாம், 24 மணி நேரமும் இலவசம் என்று சொல்லி, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416ஐயும் போடுங்கள். அந்தப் பக்கத்தை வெட்டி ஒட்டுகிற பெண் இதையும் சேர்த்துத்தான் வெட்டுவாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருச்சி