கிராணி ஐயாவுக்கும் எங்கள் ஊராருக்கும் ஒரு நன்றி மடல்

தோட்டத்துக் கணக்கெழுத்தராக இருந்த மதிப்பிற்குரிய கிராணி ஐயா அவர்களுக்கும், மலேசியாவின் ஊத்தான் மெலிந்தாங்கில் எங்கள் குடும்பத்தைத் தாங்கிப் பிடித்த அனைவருக்கும் வணக்கம்.

முதுகலைப் படிப்புக்கு எனக்கு இடம் கிடைத்துவிட்டது. கடிதம் வந்து இரண்டு நாளாகியும் அதை மடித்து வைக்க மனம் வரவில்லை. அந்த ஆண்டு எங்கள் வீட்டில் நடந்ததை நீங்கள் எல்லாரும் அறிவீர்கள்; அதை இங்கே மீண்டும் விரிக்கப் போவதில்லை. அது என் மதிப்பெண் பட்டியலில் விட்டுச் சென்ற தடத்தை மட்டும் சொல்ல வேண்டும், ஏனெனில் ஐயா செய்த உதவி அதைப் பற்றியது.

இளங்கலையின் முதல் இரண்டு பருவங்களில் நான்குக்கு 3.21, 3.14 என்று இருந்த என் சராசரிப் புள்ளி, மூன்றாம் பருவத்தில் 1.87 ஆகவும் நான்காம் பருவத்தில் 2.02 ஆகவும் விழுந்தது. புள்ளியியல் பாடத்தில் தோல்வியும் அடைந்தேன். அதன் பிறகு 2.76, 3.08, 3.41, 3.52 என்று ஏறினாலும், மொத்தச் சராசரி 2.88இல் நின்றுவிட்டது. நான் விண்ணப்பித்த துறையோ 3.00 எதிர்பார்த்தது. ஆகவே விண்ணப்பக் கட்டுரையில் இந்தச் சரிவை எப்படிச் சொல்வது என்று மூன்று வாரம் எழுதி எழுதிக் கிழித்தேன்.

அந்தக் கட்டுரையை அச்செடுக்கப் பெரிய சாலையில் இருக்கும் நகல் கடைக்குப் போயிருந்த காலை, அடையாள அட்டையை நகலெடுக்க வந்திருந்த ஐயா, இயந்திரத்திலிருந்து வந்த என் தாளைத் தம்முடையது என்று எண்ணி எடுத்துவிட்டார். தவறை உணர்ந்து திருப்பிக் கொடுத்தவர், "அம்மா, முதல் நாலு வரி கண்ணில் பட்டுவிட்டது. நீ சரியென்றால் மீதியையும் படிக்கலாமா?" என்று கேட்டார். அதற்கு முன் நான் அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. பக்கத்து ஒட்டுக்கடையில் இரண்டு மணி நேரம் எனக்காக உட்கார்ந்திருந்தார். வாங்கிய தேநீர் ஆறிப்போனதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

படித்து முடித்ததும் அவர் சொன்னது இதுதான்: "படிக்கப் படிக்க நெஞ்சு கனக்கிறது. ஆனால் நீ எதைப் படிக்கப் போகிறாய் என்று எனக்குத் தெரியவில்லையே." மூன்று பக்கத்தில் இரண்டரைப் பக்கம் எங்கள் துயரமாகவே இருந்தது. எண்ணெய் எடுக்கும் செம்பனை மரத்தைத் தாக்கி அழுகச் செய்யும் கானோடெர்மா பூஞ்சணம்தான் என் ஆய்வு விருப்பம் என்றேன். தென்னை இருந்த கரையோர நிலத்தில் செம்பனை நட்டால் அந்த நோய் கடுமையாகிறது என்பதையும், குருத்து விரியாமல் நிற்பது நம் கண்ணுக்குத் தெரிகிறபோது அடித்தண்டின் உட்பகுதி பெரும்பாலும் பாதிக்குமேல் அழுகியிருக்கும் என்பதையும் நான் சொல்லச் சொல்ல, தோட்டத்தில் அப்படிச் சாய்ந்த மரங்களை அவர் நினைவிலிருந்து எடுத்துச் சொன்னார். பிறகு, "இதை ஏன் நீ எழுதவில்லை?" என்று கேட்டார்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் தோட்டத் தொழிலாளர்களின் கூலிப் பதிவேடான செக்ரோல் எழுதியவர் அவர். கிலோவைக் கூலியால் பெருக்குகிற அதே பொறுமையோடு, ஒவ்வொரு பாடத்தின் புள்ளியையும் அந்தப் பாடத்தின் எடையைக் குறிக்கும் கிரெடிட்டால் பெருக்கி, பென்சிலால் கூட்டி, விழுந்த இரண்டு பருவங்களை விலக்கினால் மீதி ஆறும் 3.19 வருகிறது என்று காட்டினார். நான்கு ஆண்டாக அந்தத் தாளை நான் கூச்சத்தோடு மட்டுமே பார்த்திருக்கிறேன்; ஒருமுறையும் கணக்குப் போட்டுப் பார்த்ததில்லை. புள்ளியியலை மறுபடி எடுத்து 'ஏ மைனஸ்' வாங்கியிருந்ததை அவர் விரலால் தொட்டுக் காட்டினார். சோதனை முடிவுகளைக் கணக்கிட இவளால் முடியுமா என்றுதான் பேராசிரியர்கள் முதலில் ஐயப்படுவார்கள்; அதற்கான விடை என் கையில் இருந்தும் கட்டுரையில் இல்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். பருவத்தை ஒத்திவைக்கலாம் என்று அலுவலகத்தில் யாரும் எனக்குச் சொல்லவில்லை என்று ஒரு பத்தி முழுக்கக் குறைப்பட்டிருந்தேன். ஐயா தலை நிமிராமல், "நீ போய்க் கேட்டாயா?" என்றார். கேட்கவில்லை. அந்தப் பத்தியை அடித்துவிட்டு, "உதவி கேட்டிருக்க வேண்டும், நான் கேட்கவில்லை" என்று எழுதினேன். கட்டுரை முழுவதிலும் எனக்கு மிகக் கடினமாக இருந்த வரி அதுதான். முடிவில், சரிவுக்கான விளக்கம் ஆய்வைப் பற்றிய பகுதிக்குப் பின்னால் ஐந்தே வாக்கியங்களில் அடங்கியது: எந்தப் பருவங்கள், என்ன காரணம், என் தவறு எது, பிறகு என்ன மாறியது, அதற்கான சான்று எது.

மற்றவர்களையும் நான் மறக்கவில்லை. தெலுக் இந்தான் மருத்துவமனைக்கு முறை வைத்துக் காரோட்டிய கோயில் குழு அண்ணன்மார்கள், நான் விடுதிக்குத் திரும்பிய பின் அம்மாவுக்குச் சோறு கொண்டு வந்த பக்கத்து வீட்டு அத்தைகள், எங்கள் சூழலை நானே நீட்டி எழுத வேண்டாதபடி தம் பரிந்துரைக் கடிதத்தில் இரண்டு வரியில் குறிப்பிட்ட விரிவுரையாளர், எத்தனை முறை அச்செடுத்தும் காசு வாங்காத நகல் கடை அக்கா ஆகிய உங்கள் ஒவ்வொருவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி.

தோட்டத்துப் பிள்ளைகளான நாங்கள், பட்ட பாட்டைச் சொன்னால்தான் கதவு திறக்கும் என்று நம்பி வளர்ந்துவிட்டோம் என்று எனக்குத் தோன்றுகிறது. பாடு உண்மைதான், அதைச் சொல்லக் கூசவும் வேண்டியதில்லை. ஆனால் அதற்கு அப்பால் நான் கற்றதும் கற்க விரும்புவதும் என்னிடம் இருக்கின்றன என்பதை, முன்பின் பழகாத ஒருவர் வந்து எடுத்துக் காட்ட வேண்டியிருந்தது. இனி விடுமுறைக்கு ஊர் திரும்பும் ஒவ்வொரு முறையும், விண்ணப்பம் எழுதும் தம்பி தங்கைகளுக்காக அதே ஒட்டுக்கடையில் ஒரு காலைப்பொழுது உட்காருவேன். மதிப்பெண் பட்டியலைக் காட்டக் கூச்சப்படுபவர்கள் முதலில் வர வேண்டும்.

ஐயா, கட்டுரையின் இறுதிப் படியை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை காலை அம்மாவோடு உங்கள் வீட்டுக்குக் கொண்டு வருகிறேன். நீங்கள் பென்சிலால் கணக்குப் போட்ட அந்தத் தாளை மட்டும் நானே வைத்துக்கொள்ள அனுமதி கொடுங்கள்.

அன்புடனும் நன்றியுடனும்,
உங்கள் ஊர்ப் பிள்ளை