லாடம் அடிக்கறவங்களுக்கும் ஒரு கவுன்சில் வேணும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தோவாளை பக்கம் ரெண்டு வண்டி மாடு வச்சிருக்கேன். போன மாசம் லாடம் அடிச்சப்ப ஆணி உள்சதையில ஏறி ஒரு காளை மூணு வாரம் நொண்டிக்கிட்டு கெடந்துச்சு, அடிச்ச ஆள்ட்ட கேட்டா மாடு காலை ஒதறிச்சுன்னு சொல்லிட்டு போயிட்டாரு, இத யார்ட்ட போயி சொல்ல? மாட்டு டாக்டருக்காவது 1984 சட்டப்படி, பேர பதிஞ்சு புகார் வந்தா விசாரிக்கற கவுன்சில் இருக்கு.

பிரிட்டன்ல 1975லயே சட்டம் போட்டு, குதிரைக்கு லாடம் அடிக்கணும்னா பேரு பதியணும்னு வச்சிட்டாங்க. அங்கயும் ஒரு கோளாறு, கவுன்சில் மெம்பர்களே புகாரையும் விசாரிச்சு தண்டனையும் சொல்லிட்டிருந்தாங்க, 2017ல தான் சட்டத்த மாத்தி அத தனித்தனியா பிரிச்சாங்க. இங்க புதுசா கொண்டு வந்தா மொதல்லயே அப்படி பிரிச்சிடணும், இல்லன்னா தெரிஞ்சவன தெரிஞ்சவன் காப்பாத்துவான். கமிட்டில மாட்டு டாக்டரும் மாடு வளக்கறவங்களும் இருக்கணும்.

ஆனா பரீட்சை எழுதுன்னு மட்டும் சொல்லிடாதீங்க. எங்க ஊர் பெரியவர் ஒருத்தர் தொட்டா மாடு அசையாது, அவருக்கு கையெழுத்து கூட வராது. வேலைய பாத்து சர்டிபிகேட் குடுங்க, பதிவுக்கு பீஸ் வாங்காதீங்க.

இப்படிக்கு,
ஒரு வண்டிக்காரன், தோவாளை