அம்மாவின் முழங்காலும் அயுத்தயாவும்

அன்புள்ள பாப்பா,

நேற்று ராத்திரி போனில் "எப்படிப்பா இருந்தது?" என்று கேட்டாய். "நல்லா இருந்ததும்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன். உன் அம்மா எதிரில் நின்றுகொண்டு, செலவைப் பற்றிப் பேச்செடுத்தால் தொலைத்துவிடுவேன் என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதனால்தான் சாவகாசமாக எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கணக்கை முடித்துவிடுகிறேன். அயுத்தயாவைச் சுற்றிப் பார்க்க நீ பணம் கட்டி ஏற்பாடு செய்த டூர்: இரண்டு கிழங்களுக்கு ஒரு தனி வண்டி, ஒரு டிரைவர், ஒரு கைடு, ஒரு முழு நாள். நாங்கள் என்ன மந்திரியா என்று உன்னைத் திட்டினேன் அல்லவா? வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அதற்கு முந்தின இரண்டு நாளும் நானே பேரம் பேசிப் போட்ட பஸ் டூரில் போனோம். நாற்பது பேர், கொடி பிடித்த ஒருவர், கோயிலுக்குப் பன்னிரண்டு நிமிஷம், நகைக்கல் கடைக்கு ஒன்றே கால் மணி நேரம். கடைக்குள் ஏசி போட்டு, ஜூஸ் கொடுத்து, வெளியே விடவே இல்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி. கொடி எங்கே போகிறது என்று பார்த்து நடப்பதிலேயே இரண்டு நாள் போயிற்று. எந்தக் கோயில் என்று இப்போது கேட்டால் இரண்டு பேருக்கும் தெரியாது.

வியாழக்கிழமை காலை ஆறரைக்கே வண்டி வந்துவிட்டது. கழுத்தில் லைசென்ஸ் அட்டை தொங்க, முப்பத்தைந்து வயசு இருக்கும் ஒரு பெண். இந்த ஊரில் கைடு வேலையைத் தாய்லாந்துக்காரர்கள்தான் செய்யலாம், அதற்கும் அரசாங்க லைசென்ஸ் வேண்டும். கை கூப்பினாள். நம்மைவிட அழகாகக் கூப்புகிறார்கள், விரல் நுனி மூக்கைத் தொடுகிறது. அம்மாவின் காலைப் பார்த்துவிட்டு அவள் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை படி ஏற முடியும்?" பஸ்காரன் ஒருவனும் இதைக் கேட்கவில்லை.

பாங்காக்கிலிருந்து வடக்கே எண்பது கிலோமீட்டர். நம்முடைய அயோத்திதான் இவர்கள் வாயில் அயுத்தயா. 1350 வாக்கில் ஊ தோங் என்ற அரசன் கட்டிய தலைநகரம், நானூறு வருஷத்துக்கு மேல் நின்றது. சாவ் பிரயா, பா சாக், லொப்புரி என்று மூன்று ஆறு சுற்றி ஓட, ஊரே ஒரு தீவு. 1767இல் பர்மாக்காரர்கள் கொளுத்திவிட்டுப் போனார்கள். அந்தப் பெண் புத்த வருஷத்தில் 2310 என்று சொல்ல, அம்மா "இன்னும் வரவே இல்லையே அந்த வருஷம்" என்றாள். 543ஐக் கழிக்க வேண்டுமாம். அப்புறம் நாள் முழுக்க அம்மாவுக்குக் கழித்தல் கணக்குப் போட்டுக் கொடுப்பதே என் வேலை.

இன்னொரு வேடிக்கை. ஸ்தூபிக்கு இவர்கள் "சேதி" என்கிறார்கள், நம் சைத்தியம்தான். அம்மா காதில் அது "செடி" என்று விழுந்திருக்கிறது. "பெரிய செடி பார்க்கப் போறோம்னா, எங்கே, ஒண்ணையும் காணோமே?" என்று தேடிக்கொண்டிருந்தாள்.

பத்து மணிக்கு பஸ்கள் வந்துவிடும் என்று, அந்தப் பெண் மகாதாட்டுக்கு முதலில் அழைத்துப் போனாள். மகாதாது, அதாவது புத்தரின் அஸ்தி வைத்த கோயில். நாங்கள் போனபோது தோட்டக்காரர் சருகு கூட்டிக்கொண்டிருந்தார், வேறு யாரும் இல்லை. அங்கேதான் நீ படத்தில் பார்த்த அந்தத் தலை இருக்கிறது. அரசமர வேர்களுக்கு நடுவே மணற்கல்லில் செய்த புத்தர் முகம். உடம்பு இல்லை. வேர் ஒன்று காதோரம் இறங்கி, தாடைக்குக் கீழே வளைந்து, தொட்டில் துணி மாதிரி தாங்கிக்கொண்டிருக்கிறது. இடது பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கிறது. ஒரு கண்ணிமையின் ஓரத்தில் எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது, முகம் சிரித்தபடியே இருக்கிறது. திருடியவன் தூக்க முடியாமல் மரத்தடியில் போட்டுவிட்டுப் போயிருப்பான், மரம் எடுத்துக்கொண்டது என்று ஒரு பேச்சு.

அங்கே நின்றுகொண்டு படம் எடுக்கக் கூடாது. நம் தலை புத்தர் தலைக்கு மேலே இருக்கக் கூடாதாம், உட்கார வேண்டும். அம்மாவால் குந்த முடியாது, உனக்குத் தெரியுமே. "நீங்க எடுத்துக்கோங்க, நான் இப்படி ஓரமா நிக்கறேன்" என்றாள். அந்தப் பெண் ஒன்றும் சொல்லாமல் தன் துப்பட்டா மாதிரியான துணியைத் தரையில் விரித்து, தானே முதலில் உட்கார்ந்து, அம்மா கையைப் பிடித்து மெல்ல உட்கார வைத்தாள். உட்கார ஐந்து நிமிஷம், எழுந்திருக்க ஐந்து நிமிஷம். நடுவில் கால் மணி நேரம் அம்மா முந்தானையைப் போர்த்திக்கொண்டு அப்படியே இருந்தாள். "நம்ம ஊர் அரசமரத்தடிப் பிள்ளையார் மாதிரி இருக்கு" என்றாள். நீ கொடுத்த காசு அந்தக் கால் மணி நேரத்துக்கே சரியாகப் போயிற்று.

அந்த வளாகம் முழுக்க வரிசை வரிசையாகத் தலையில்லாத புத்தர்கள். எல்லாம் பர்மாக்காரன் வெட்டியது என்றுதான் நான் நினைத்தேன். "அப்படித்தான் சொல்வார்கள் சார், ஆனால் பிற்காலத்தில் விற்பதற்காக வெட்டிப் போனதும் நிறைய" என்றாள் அந்தப் பெண். நம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடுபோன நடராஜர் ஆஸ்திரேலியா வரைக்கும் போய், 2014இல் திரும்பி வந்த கதையைச் சொன்னேன். "உங்களுக்குத் திரும்பி வந்துவிட்டதா!" என்று அவள் கேட்ட கேள்வியில் ஒரு பொறாமை இருந்தது.

முப்பத்தொரு வருஷம் பி.டபிள்யூ.டி.யில் சுவர் பார்த்தவன் நான், சும்மா இருப்பேனா? எல்லாம் செங்கல் கட்டு, மேலே சுண்ணாம்புச் சுதை. பூச்சு உதிர்ந்த இடத்தில் செங்கல் எலும்பு மாதிரி தெரிகிறது. ஆற்று வண்டல், அடியில் களிமண். தூக்குக்குண்டு போட்டுப் பார்க்கவே வேண்டாம், பாதிச் சேதிகள் சாய்ந்துதான் நிற்கின்றன. மகாதாட்டின் பெரிய கோபுரம் 1911இல் இடிந்து விழுந்துவிட்டது. நான் அஸ்திவாரத்தைக் குனிந்து பார்ப்பதைக் கண்டு, புத்தர் எந்தப் பக்கம் என்று தெரியாமல் தேடுகிறேன் என்று அந்தப் பெண் நினைத்துவிட்டாள். விஷயத்தைச் சொன்னதும், சாயங்காலம் வெள்ளத் தடுப்புச் சுவர் காட்டுகிறேன் என்றாள்.

சாலைக்கு எதிர்ப்பக்கமே ராட்சபுரணா. இதைப் பற்றித்தான் உனக்கு எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

1424இல் அரசன் இறந்துபோனான். அவனுக்கு மூன்று பிள்ளைகள். பெயர் ஆய், யீ, சாம். பழைய தாய் கணக்கில் ஒன்று, இரண்டு, மூன்று. நம் வீட்டில் பெரியவன், நடுவுலவன், சின்னவன் என்று கூப்பிட்டார்களே, அதே மாதிரி. பெரியவனும் நடுவுலவனும் சிம்மாசனத்துக்காக யானை மேல் ஏறி மோதினார்கள். இரண்டு பேரும் அங்கேயே செத்தார்கள். சண்டைக்கே வராத சின்னவன் ராஜாவானான். மோதின இடத்தில் அண்ணன்களுக்கு இரண்டு சேதி கட்டினான், எரித்த இடத்தில் இந்தக் கோயிலைக் கட்டினான்.

கோபுரத்துக்குள் நிலவறை இருக்கிறது. அம்மா வெளியே நிழலில் இருந்துகொண்டாள், நான் மட்டும் இறங்கினேன். படி இல்லை, ஏணி என்றுதான் சொல்ல வேண்டும். உள்ளே காற்றே இல்லை, பூட்டி வைத்த நெல் குதிருக்குள் இறங்கின மாதிரி ஒரு வெக்கை. டார்ச் வெளிச்சத்தில் சுவரில் மங்கின சிவப்பில் உருவங்கள். 1957இல் திருடர்கள் இதைத் தோண்டித் தங்கத்தை அள்ளிக்கொண்டு போனார்கள். அதில் ஒருவன் ராஜாவின் வாளைச் சந்தையில் சுழற்றிக்கொண்டு ஆடினான் என்று ஒரு கதை. மீட்டதும் மிஞ்சினதும் இப்போது சின்னவன் பெயரிலேயே உள்ள சாவ் சாம் பிரயா மியூசியத்தில் இருக்கின்றன. தங்கத்தில் ஒரு யானை, சிறு நாய்க்குட்டி அளவு, முதுகில் அம்பாரியோடு மண்டி போட்டிருக்கிறது.

மேலே ஏறி வந்து மூச்சு வாங்க உட்கார்ந்தேன். "இரண்டு பேரில் யார் மேல் தப்பு?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "அதை யாரும் எழுதி வைக்கவில்லை சார்" என்றாள். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. உன் பெரியப்பாவோடு நான் பேசி ஒன்பது வருஷம் ஆகிறது, ஒரு நடுச்சுவருக்காக. அதுவும் நானே அளந்து கொடுத்த சுவர். நம் சின்னவன் மடிப்பாக்கத்தில் ஃபிளாட் வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருக்கிறான்.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன். ஆற்றங்கரையில் ஓர் உணவகம். முழங்கை நீளத்துக்கு ஆற்று இறால், கரியில் சுட்டு, நடுவில் பிளந்து வைக்கிறார்கள். தலைக்குள் ஆரஞ்சு நிறத்தில் கொழுப்பு, அதைச் சோற்றில் பிசைந்து சாப்பிட வேண்டும். விலையைச் சொல்லமாட்டேன். அம்மா மார்கழி முழுக்கச் சைவம் அல்லவா, மீன் சாற்றுக்குப் பயந்து தயிர்சாதத்தைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அந்தப் பெண் சமையல்காரரிடம் போய் "மங்சவிரட்" என்றாள். மாம்ச விரதி! கேட்டதும் அம்மா முகம் மலர்ந்துவிட்டது. கத்தரிக்காயும் டோஃபுவும் வந்தன, தயிர்சாதத்தை டிரைவர் ருசி பார்த்தார்.

மத்தியானத்தைச் சுருக்கிச் சொல்கிறேன். அரண்மனைக் கோயில், ராஜாக்களின் அஸ்தி வைத்த மூன்று சேதிகள், நல்ல வெயில். பக்கத்தில் மொங்கொன் போபிட் என்ற பெரிய வெண்கல புத்தர். 1767 தீயில் கூரை விழுந்து அடிபட்டவர். 1950களில் பர்மாவின் பிரதமர் ஊ நு வந்து, அதைச் சீர்செய்யப் பணம் கொடுத்தாராம். கொளுத்தினவர்களின் பேரன் பேத்திகள் பணம் அனுப்பியிருக்கிறார்கள். அதைச் சொல்லிவிட்டு அந்தப் பெண் என் பக்கம் பார்க்கவே இல்லை, அம்மாவுக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். அவளுக்கு நம் வீட்டுக் கதை தெரிய வழியில்லை, ஆனால் அம்மாவும் அவளும் நான் நிலவறையில் இருந்தபோது என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. அம்மாவுக்கு வரும் இங்கிலீஷ் நாற்பது வார்த்தைதான். அது போதும் என்று நினைக்கிறேன்.

சொன்னபடி சாயங்காலம் சைவத்தனாராமில் வெள்ளத் தடுப்புச் சுவர் காட்டினாள். 1630இல் கட்டிய கோயில், ஆற்றுக்கு மேற்குக் கரையில். 2011 வெள்ளத்தில் உள்ளே தண்ணீர் நின்றிருக்கிறது. இப்போது கரையோரம் மடக்கி வைக்கிற தடுப்பு, வெள்ளம் வரும்போது நிமிர்த்துவார்கள். கீலை எல்லாம் தொட்டுப் பார்த்தேன். சுற்றிலும் சின்னப் பெண்கள் பழைய காலத்துப் பட்டு உடுத்தி, குடை பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். என்னைத் தவிர ஒருவரும் அந்தக் கீலைப் பார்க்கவில்லை.

பாங்காக் திரும்பும்போது இருட்டிவிட்டது. மார்கழியில் கோயிலுக்குப் போக முடியவில்லையே என்று அம்மா காலையிலிருந்து புலம்பியதை ஞாபகம் வைத்து, வழியில் ஓர் இடத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். சாலை நடுவே சிவப்புத் தூண்கள், சுமார் 21 மீட்டர் உயரம், ஊஞ்சல் இல்லாத ஊஞ்சல். ஒரு காலத்தில் இதில் ஆட்களை ஏற்றி ஆட்டி, உயரத்தில் கட்டின காசுப் பையைப் பல்லால் கவ்வ வைப்பார்களாம். விழுந்து செத்தவர்கள் உண்டு, 1930களில் நிறுத்திவிட்டார்கள். விழாவின் பெயரை அந்தப் பெண் சொன்னாள்: திரியம்பவாய், திரிபவாய். அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். "திருவெம்பாவைங்க!" என்றாள். தமிழறிஞர் தனிநாயகம் அடிகள் இதைப் பற்றி எழுதியது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. பக்கத்திலேயே 1784இல் கட்டிய தேவஸ்தானம், சிவன், பிள்ளையார், பெருமாள் என்று மூன்று சன்னதி. அரசவைப் பிராமணர்கள் இன்றும் அந்தப் பதிகத்தை ஓதுகிறார்கள், நாம் கேட்டால் தமிழ் என்றே புரியாத அளவுக்கு உச்சரிப்பு மாறிவிட்டது. கதவு சாத்தியிருந்தது. அம்மா மதில் ஓரம் நின்று முதல் பாட்டை முழுசாகப் பாடினாள், டிராஃபிக் சத்தத்தில் எனக்கே பாதிதான் கேட்டது. அந்தப் பெண் அந்தப் பெயரை நோட்டுப் புத்தகத்தில் தாய் எழுத்தில் எழுதிக்கொண்டாள். இறங்கும்போது டிப்ஸ் கொடுத்தேன், எவ்வளவு என்று கேட்காதே.

அயுத்தயாவில் வாங்கின ரொட்டி சாய் மாய் ஒரு பொட்டலம் மிச்சம் இருக்கிறது. மெல்லிசு ரொட்டியில் நூல் நூலாகச் சர்க்கரையைச் சுருட்டித் தருவார்கள், சோன்பப்டிக்கும் பஞ்சுமிட்டாய்க்கும் நடுவில் ஒரு ருசி. உனக்கு அனுப்பினால் டொரண்டோ வருவதற்குள் பாகாகிவிடும்.

ராட்சபுரணா கோபுரப் படத்தை ராத்திரியே உன் பெரியப்பாவுக்கு அனுப்பினேன். கீழே ஒன்றும் எழுதவில்லை. இரண்டு நீல டிக் விழுந்திருக்கிறது. காலையில் பார்த்தேன், "செங்கல் கட்டா, கருங்கல்லா?" என்று கேட்டிருக்கிறார்.

இப்படிக்கு,
அப்பா