லூஸ் பூனைத் தீனியை ஏன் நிறுத்துகிறோம், இனி எதைப் பார்த்து வாங்கலாம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வருகிற ஒன்றாம் தேதி முதல் நம் கடையில் பூனைத் தீனியை லூஸில் எடை போட்டுத் தர மாட்டோம். கால் கிலோ, அரைக் கிலோ என்று வாங்கிப் பழகியவர்களுக்கு இது சிரமம்தான். தர்மபுரியில் மாதச் சம்பளத்துக்குள் வீட்டையும் பார்த்து, வாசலில் வந்து நிற்கும் பூனைக்கும் வயிறு நிறைய வைக்கிறவர்கள் நீங்கள். அதனால் ஒரு வரி நோட்டீஸ் ஒட்டிவிட்டு விடாமல், காரணத்தை முழுதாகச் சொல்லிவிடலாம் என்று எழுதுகிறோம்.

போன சித்திரையில், பென்னாகரம் பக்கத்திலிருந்து வரும் ஒரு அக்கா அரைக் கிலோ தீனியை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தார். "மூணு நாளா மோந்து பாத்துட்டுப் போயிடுதுங்க. போன மாசம் வரைக்கும் இதையேதான் தின்னுச்சு" என்றார். நாங்கள் வழக்கமான பதிலைச் சொன்னோம். பூனை என்றால் அடம் பிடிக்கும், ரெண்டு நாள் பட்டினி போட்டால் தானாகத் தின்னும் என்று. அதே வாரத்தில் இன்னும் மூன்று பேர் அதே குறையோடு வந்தார்கள். நான்கு வீட்டுப் பூனையும் ஒரே வாரத்தில் அடம் பிடிக்குமா?

அன்று இரவு கடையைச் சாத்திய பிறகு லூஸ் டப்பாவை முழுதாகக் கவிழ்த்துப் பார்த்தோம். மேலே இருந்தது நன்றாக இருந்தது. அடியில் நான்கு விரற்கடை அளவுக்குத் தூளும் உடைசலுமாகப் படிந்து கிடந்ததில் சிக்கு வாடை. பழைய கடலை எண்ணெய்ப் பாத்திரத்தைத் திறந்தால் வருமே, அதே வாடை. ஒவ்வொரு முறையும் மூட்டையைப் பிரித்துப் பழையதன் மேலேயே புதியதைக் கொட்டியிருக்கிறோம். டப்பா இருந்த இடமோ ஷட்டர் ஓரம், மதியம் முழுக்க வெயில் இறங்கும் இடம்.

மறுநாள் கடைப் பூனை சாம்பலுக்கு இரண்டு தட்டு வைத்தோம். ஒன்றில் அப்போதுதான் பிரித்த பாக்கெட்டின் தீனி, இன்னொன்றில் டப்பாவில் இருந்தது. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே வகை. சாம்பல் டப்பாத் தீனியின் மேல் மூக்கை வைத்து, ஒரு நொடி நின்று, முன்காலால் தட்டின் ஓரத்துத் தரையைச் சுரண்டியது. மலத்தை மூடுவதற்கு மண்ணைத் தள்ளுமே, அதே மாதிரி. பிறகு அடுத்த தட்டுக்குப் போய் மொத்தத்தையும் தின்றது. தட்டுகளை இடம் மாற்றி வைத்தோம். அப்போதும் அப்படியே.

அந்த அக்காவிடமும் மற்ற மூவரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பணத்தைத் திருப்பித் தந்தோம். உங்கள் எல்லோரிடமும் இங்கே கேட்டுக்கொள்கிறோம்.

உலர் தீனி பார்க்கக் காய்ந்த உருண்டையாக இருந்தாலும் அதன் மேல் கொழுப்புப் பூச்சு இருக்கிறது. பூனைக்கு அதில் ஆசை வருவதே அந்தப் பூச்சின் வாசனையால்தான். காற்றும் சூடும் பட்டால் முதலில் கெடுவதும் அதுதான். பூனையின் நாக்கில் சுவை மொட்டுகள் நமக்கு இருப்பதைவிட மிகக் குறைவு. இனிப்புச் சுவையே அதற்குத் தெரியாது. இனிப்பை உணர வேண்டிய மரபணு பூனை இனத்தில் செயலிழந்துபோய்விட்டதை 2005ல் அமெரிக்காவின் மோனெல் ஆய்வு மையத்தைச் சேர்ந்தவர்கள் கண்டுபிடித்தார்கள். ஆக, பூனைக்கு எல்லாமே மூக்குதான். அது முகர்ந்துவிட்டுப் போனால் முதலில் தீனியைச் சந்தேகப்படுங்கள், அப்புறம் பூனையைச் சந்தேகப்படலாம்.

பட்டினி போடச் சொன்ன எங்கள் பேச்சையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம். நாய்க்கு ஒரு நாள் சாப்பாடு தவறினால் பெரிதாக ஒன்றும் ஆகாது. பூனையின் உடம்பு அப்படி இல்லை. இரண்டு மூன்று நாள் ஒன்றும் தின்னாமல் இருந்தால் உடம்பிலுள்ள கொழுப்பு கரைந்து கல்லீரலில் போய்ச் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். குண்டுப் பூனைகளுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். ஒரு நாள் முழுக்க எதையும் தொடாத பூனையைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். பல்வலி, வாய்ப்புண், சளியால் மூக்கடைப்பு என்று எதுவாகவும் இருக்கலாம். மூக்கடைத்த பூனைக்கு எந்தத் தீனியும் தீனியாகத் தெரியாது. ஆண் பூனை மண் தட்டில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து சிறுநீர் வராமல் முக்கினால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். அது அவசரம்.

சரி, இனி எதை வாங்குவது?

முதலில் பாக்கெட்டைத் திருப்புங்கள். முன்பக்கத்தில் மீன் படம் துள்ளும், பின்பக்கத்தில் பார்த்தால் உள்ளே கோழியும் சோளமும் இருக்கும். அதில் தப்பில்லை, ஆனால் படத்தை நம்பிக் காசு கொடுக்க வேண்டாம். பின்னால் சின்ன எழுத்தில் 'கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு' என்றோ 'கம்ப்ளீட்' என்றோ போட்டிருக்கிறதா பாருங்கள். அதை மட்டுமே தின்று பூனை பிழைக்கலாம் என்று பொருள். 'காம்ப்ளிமென்டரி' அல்லது 'ட்ரீட்' என்று இருந்தால் அது தின்பண்டம். குழந்தைகள் கேட்டு வாங்கும் கிரீம் ட்யூப் எல்லாம் இந்த வகைதான். அதையே மூன்று வேளையும் கொடுத்தால் பூனை மற்றதைத் தொடாது, உடம்பும் தேறாது.

அடுத்தது டாரின். இறைச்சியிலும் மீனிலும் இருக்கும் ஒரு சத்து இது. பூனையின் உடம்பு தனக்குப் போதுமான அளவு டாரினைத் தானே தயாரித்துக்கொள்ளாது. இது குறைந்தால் கண்பார்வை போகும், இதயத் தசை தளர்ந்து வீங்கும். 1980களில் அமெரிக்காவில் நல்ல கம்பெனித் தீனி தின்ற பூனைகளே இந்த இதய நோயால் செத்தன. தீனியில் டாரின் போதாததுதான் காரணம் என்று கலிபோர்னியாவைச் சேர்ந்த பால் பியான் என்ற கால்நடை மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1987ல் காட்டினார்கள். அதன் பிறகுதான் கம்பெனிகள் தீனியில் டாரினைக் கூட்டின. இன்று விலை குறைந்த தீனியிலும் அது சேர்க்கப்படுகிறது, பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நாய்த் தீனி மலிவு என்று பூனைக்கு வாங்கக் கூடாது என்று நாங்கள் பிடிவாதமாகச் சொல்வதும் இதனால்தான். நாய்க்குக் கணக்குப் போட்டுச் செய்த தீனியில் பூனைக்கு வேண்டிய டாரின் இருக்கும் என்று நம்ப முடியாது.

மூன்றாவது புரதம். உலர் தீனியில் 30 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் நல்லது. ஈரத் தீனி வரும் சின்னப் பையான பவுச்சில் 8 சதவீதம் என்று போட்டிருப்பதைப் பார்த்துப் பலர் கீழே வைத்துவிடுகிறார்கள். பவுச்சில் 82 சதவீதம் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரைக் கழித்தால் மிஞ்சுவது 18. அந்த 18ல் 8 புரதம் என்றால் 44 சதவீதம் ஆகிறது. உலர் தீனியில் 10 சதவீதம் ஈரம் போக 90ல் 30 என்றால் 33 சதவீதம். பவுச் இளைத்தது இல்லை.

விலைக்கு வருவோம். கிலோ விலையைப் பார்த்து ஒப்பிடுவதை விட்டுவிடுங்கள் என்பது எங்கள் முக்கியமான வேண்டுகோள். ஒரு நாளைக்கு எவ்வளவு வைக்க வேண்டும் என்று பாக்கெட்டிலேயே ஓர் அட்டவணை இருக்கும். ஒரு தீனி கிலோ 300 ரூபாய், நாளைக்கு 70 கிராம் வைக்கச் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு 21 ரூபாய். இன்னொன்று கிலோ 360 ரூபாய், ஆனால் 55 கிராம் போதும் என்கிறது. நாளைக்கு 19 ரூபாய் 80 காசு. விலை கூடியதுதான் மலிவு. எல்லாத் தீனியிலும் இப்படி வராது, ஆனால் கணக்குப் போடாமல் தெரியாது. போனில் போட வராவிட்டால் கல்லாவில் கேளுங்கள், போட்டுத் தருகிறோம்.

பொதுவாக 4 கிலோ எடையுள்ள வீட்டுப் பூனைக்கு நாளைக்கு 200 கலோரி அளவில் வேண்டும். உலர் தீனி என்றால் 55, 60 கிராம். பவுச் மட்டும் என்றால் மூன்று ஆகும், அது பலருக்குக் கட்டுப்படியாகாது. எங்கள் யோசனை, 40 கிராம் உலர் தீனியும் நாளைக்கு ஒரு பவுச்சும். பவுச்சை காலையில் பாதி, மாலையில் பாதி வையுங்கள். வயிறும் நிறையும், தண்ணீரும் உள்ளே போகும். பூனை தாகம் எடுத்து ஓடிவந்து குடிக்கிற பிராணி இல்லை. தண்ணீர்க் கிண்ணத்தைத் தீனித் தட்டுக்குப் பக்கத்தில் வைக்காமல் வேறு இடத்தில் வைத்துப் பாருங்கள், சில பூனைகள் அங்கே போய்க் கூடுதலாகக் குடிக்கும். நம் ஊர் போர் தண்ணீரில் ஃபுளோரைடு இருப்பது எல்லோரும் அறிந்ததுதான். நீங்கள் குடிக்கிற ஒகேனக்கல் தண்ணீரையே அதற்கும் ஊற்றுங்கள்.

அடம் பிடிக்கிற பூனைக்கு வருவோம். கோழியா மீனா என்று நாம் யோசிக்கிறோம். வாசனை சரியாக இருந்தால், அடுத்துப் பூனை பெரும்பாலும் பார்ப்பது பதத்தைத்தான். சிலதுக்குக் கிரேவி, சிலதுக்குக் கட்டியான ஜெல்லி, சிலதுக்கு அரைத்த மாவு மாதிரி. குட்டியில் எதைத் தின்று பழகியதோ அதையே பெரியதானதும் தேடும். அதனால் கோழிக் கிரேவியை ஒதுக்கினால் உடனே மீன் கிரேவிக்குப் போகாமல், கோழி ஜெல்லியை முயன்று பாருங்கள். எடுத்தவுடன் ஒரு பெட்டி வாங்க வேண்டாம். ஒவ்வொன்றாக வாங்குங்கள்.

பிரித்த பவுச்சில் மீதியை ஃபிரிட்ஜில் மூடி வைத்து மறுநாளுக்குள் தீர்க்கலாம். ஆனால் எடுத்த குளிர்ச்சியோடு வைத்தால் வாசனை எழும்பாது, பூனை திரும்பியும் பார்க்காது. ஒரு ஸ்பூன் வெந்நீர் விட்டுக் கலக்கி, விரல் வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும்போது வையுங்கள். அடம் பிடிக்கிற பூனைகளில் பாதி இதிலேயே வழிக்கு வருவதை நாங்கள் கண்ணால் பார்த்திருக்கிறோம். நம் ஊர் வெயிலில் ஈரத் தீனியை ஒரு மணி நேரத்துக்கு மேல் தட்டில் விடாதீர்கள். பிராண்ட் மாற்றுவதென்றால் ஒரே நாளில் மாற்ற வேண்டாம், பழையதில் கொஞ்சம் கொஞ்சமாகப் புதியதைக் கலந்து ஏழு முதல் பத்து நாள் எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுச் சாப்பாட்டைப் பற்றியும் கேட்கிறீர்கள். எங்கள் ஆயா காலத்தில் பூனைக்குக் களியும் பாலும்தான். அந்தப் பூனை நம் தீனியால் மட்டும் வாழவில்லை, எலி பிடித்துத் தன் சத்தைத் தானே தேடிக்கொண்டது. மாடி வீட்டில் அடைந்து கிடக்கும் பூனைக்கு எலி இல்லை. பால் பல பெரிய பூனைகளுக்குச் செரிக்காது, வயிற்றால் போகும். மீன் கொடுக்கலாம், வேகவைத்துக் கொடுங்கள். கெண்டை வகை மீன்களைப் பச்சையாகத் தொடர்ந்து கொடுத்தால் அதிலுள்ள ஒரு பொருள் வைட்டமின் பி1ஐ அழித்துவிடும், வேகவைத்தால் அந்தத் தொல்லை இல்லை. உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு சேர்ந்த குழம்பு மீன் வேண்டவே வேண்டாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்த அணுக்களை உடைக்கும். கருவாடு ஆசைக்கு என்றாலும் உப்பு அதிகம். வேகவைத்த கோழியைக் கொஞ்சம் பிய்த்துத் தீனி மேல் தூவினால் போதும், அடம் பிடிக்கிற பூனைக்கு அது நல்ல தூண்டில்.

இனி கடையில் என்ன மாற்றம் என்று சொல்லிவிடுகிறோம். லூஸுக்குப் பதிலாகக் கம்பெனியே சீல் வைத்த சின்னப் பாக்கெட்டுகளைக் கூடுதலாக வரவழைக்கிறோம். சின்னப் பாக்கெட்டுக்குக் கிலோ கணக்கில் விலை கொஞ்சம் கூடத்தான் செய்யும். ஆனால் கெட்டுப்போய் வாசலில் கொட்டுகிற தீனியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ஒரே பூனை வைத்திருப்பவர்கள் பெரிய மூட்டை வாங்க வேண்டாம். பிரித்த பாக்கெட் ஒரு மாதத்துக்குள், அதிகம் போனால் ஆறு வாரத்துக்குள் தீர வேண்டும். தீனியை வேறு டப்பாவில் கொட்டாமல், பாக்கெட்டோடு மடித்து கிளிப் போட்டு, மூடியுள்ள டப்பாவுக்குள் வையுங்கள். தகரக் கூரைக்குக் கீழேயோ அடுப்புக்குப் பக்கத்திலேயோ வேண்டாம். தீனி அலமாரியை நாங்களும் ஷட்டர் ஓரத்திலிருந்து உள்ளே, அரிசி மூட்டைகள் இருக்கும் நிழல் பக்கம் மாற்றிவிட்டோம். எக்ஸ்பைரி நெருங்கிய பாக்கெட் தனித் தட்டில், விலை குறைத்து, தேதியைப் பெரிய எழுத்தில் எழுதி இருக்கும்.

சின்னப் பாக்கெட் வாங்கிப் பூனை தொடவில்லை என்றால் ஐந்து நாளுக்குள் மீதியோடு கொண்டு வாருங்கள். பாதி விலைக்கு வேறு வகை மாற்றித் தருகிறோம். பாக்கெட்டைக் கிழிக்கும்போது பேட்ச் நம்பரும் தேதியும் உள்ள ஓரத்தைக் கிழித்தெறியாமல் வைத்திருங்கள். அதைப் பார்த்துத்தான் அதே பேட்ச்சில் வேறு யாருக்காவது குறை வந்ததா என்று எங்கள் நோட்டில் தேட முடியும்.

இப்படிக்கு,
உங்கள் கடைக்காரர்கள்,
தர்மபுரி